ஆடவிடாத உடற்கல்வி

உடற்கல்வி என்னும் பெயரால் பள்ளித் திடல்களில் நடப்பது என்ன? பிள்ளைகள் அணியணியாய் நிறுத்தப்படுகின்றனர். ஊதல் ஒலிக்கிறது. எண்ணுக்கு ஒரு கைதூக்கல். எண்ணுக்கு ஒரு குனிதல். எண்ணுக்கு ஒரு குதித்தல். ஊதல் ஓய்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகின்றனர். கணக்குப் பாடம் எஞ்சியிருந்தால் அதுவும் இல்லை. இதற்குக் கல்வி என்று பெயர்!

ஓர் அசைவைச் செய்து காட்டுவது வேறு. அசைவுத் திறன் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே கேட்டின் வேர். எண்ணுக்குக் கைதூக்கும் பிள்ளை எதையும் பார்க்க வேண்டுவதில்லை. எப்பொழுது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, தூக்காமல் விடுவதா என்று எண்ண வேண்டுவதும் இல்லை. எல்லாவற்றையும் ஊதலே முடிவு செய்துவிடுகிறது. உடல் சூடேறும், மூச்சு விரையும். அவ்வளவே! உழைத்தது தசை, உறங்கியது அறிவு.

இனிக் கிளித்தட்டைக் காண்க. ஓடி வரும் சிறுவனுக்கு எதிரே குறுக்குக் கோட்டில் ஒருவன் கைவிரித்து நிற்கிறான். நடுக்கோட்டின் வழியே கிளி பாய்ந்து வருகிறது. காவலனின் தோள் எப்பக்கம் சாய்கிறது என்று சிறுவன் நொடியில் அளக்கிறான். வலப்புறம் போவதுபோற் காட்டி, வலக்காலை ஊன்றி, இடப்புறம் பாய்ந்து கோட்டைக் கடக்கிறான். பார்த்தல், துணிதல், பாய்தல் மூன்றும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த முறை அதே வழி செல்லாது, காவலனும் கற்றுக்கொண்டான். ஆதலால் புதுவழி தேட வேண்டும். எந்த ஊதல் இதைக் கற்பிக்கும்?

சடுகுடுவில் பாடிச் செல்பவன் மூச்சை அடக்கிக்கொண்டே காலை எட்டி வீசுகிறான். மீளும் தொலைவையும் அப்பொழுதே கணக்கிடுகிறான். பாண்டி ஆடும் சிறுமி கட்டத்துக்குக் கட்டம் சில்லெறியும் விசையை மாற்றுகிறாள். ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து அதை எடுக்கிறாள். நிலைதவறாமையை அவளுக்கு எண் சொல்லிக் கற்பித்தவர் எவர்? ஆட்டமே கற்பித்தது.

இது பழம்பெருமைப் பேச்சன்று. உருசிய அறிஞர் நிக்கோலாய் பெர்ன்சுடைன் 1920களில் சம்மட்டி அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் கையசைவை ஒளிப்படமெடுத்து ஆராய்ந்தார். அடி ஒரே இடத்தில் விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வேறு வழியிற் செல்கின்றன! தேர்ந்த கை ஒரே அசைவைப் படியெடுப்பதில்லை. அதே வினைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாய் விடை காண்கிறது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மூவகைக் கையசைவுகளை இரு குழுவினர்க்குப் பயிற்றினர். ஒரு குழு ஒவ்வொன்றையும் தொடர்ந்து செய்து முடித்தது. மற்றது மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதற்குழுவே விரைவு காட்டியது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோதோ, கலந்து பழகியவரே திறனை மிகுதியாய்த் தக்கவைத்திருந்தனர். ஆட்டத்தில் அசைவுகள் கலந்தே வருகின்றன என்பதை நினைக.

1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இலப்பரோவில் பணியாற்றிய பங்கர், தார்ப்பு என்னும் இருவர், விளையாட்டைத் துண்டு துண்டாக்கிப் பயிற்றுவதைக் கண்டித்து எழுதினர். முதலில் ஆட்டம், ஆட்டத்தில் எழும் இடர்ப்பாடு, அதன் பின்னரே அதற்கு வேண்டிய தனித்திறன் என்பது அவர்கள் வகுத்த முறை. அணிநிலைப் பயிற்சியோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைமுற்றத்திலிருந்து பள்ளிக்குள் நுழைந்தது. கொடுத்த நாட்டாரே அதனை ஐயுற்றுவிட்டனர். வாங்கியவர் இன்னும் விட்டபாடில்லை!

“அவ்வாறாயின் பந்தைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் மரநிழலில் அமரலாமோ?” என்பார் உளர். அமரலாகாது! வெறுமனே விட்டால் வலியவன் மட்டும் ஆடுவான். மெலியவன் ஓரத்தில் நிற்பான். திடலைச் சுருக்குவதும், அணிக்கு மூவர் நால்வர் என ஆளைக் குறைப்பதும், சிறு கைக்குப் பெரிய பந்து தருவதும், ஆட்டநெறியை மாற்றிப் புதுச் சிக்கலை உண்டாக்குவதும், இடையே நிறுத்தி “ஏன் பிடிபட்டாய்?” என வினவுவதும் ஆசிரியர் தொழில். ஊதல் ஊதுவதைவிட இது கடினம். கடினம் என்பதனாலேயே கைவிடப்பட்டது.

தொல்காப்பியர் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாய் வைத்தார். அவ்வுவகையே ஆயிரம் முறை முயலத் தூண்டுகிறது. ஆயிரம் முறை முயன்ற உடலே திறன் பெறுகிறது. உவகையைப் பறித்துவிட்டுத் திறனைக் கேட்பது, வேரை வெட்டிவிட்டுக் கனியைக் கேட்பதாகும்.

பள்ளிக்குத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் கூறுகிறது. திடலில் ஆட்டம் இல்லையேல் அது வெறும் மண்ணே! தெருவை வண்டிகள் பறித்துக்கொண்டன. மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சி வகுப்புகள் பறித்துக்கொண்டன. கிழமைக்கு ஓரிரு பாடவேளைகளே பிள்ளைகளுக்கு எஞ்சியவை. அவற்றையும் கணக்குக்கும் ஊதலுக்கும் காவு கொடுப்பதோ?

பெற்றோரே! மதிப்பெண்ணைக் கேட்கும் வாயால், “என் பிள்ளை இன்று என்ன ஆடினான்? என் மகள் என்ன ஆடினாள்?” என்றும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! ஊதலைச் சட்டைப்பையில் இடுங்கள்; சுண்ணத்தால் கோடு கிழியுங்கள். கிளித்தட்டு தொடங்கட்டும்!