நூலக வரி நம்முடையது, சாவி யாரிடம்?

உத்திரமேரூரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. குடவோலைக் கல்வெட்டு என்றதும் டில்லியில் இருப்போர்கூட நிமிர்ந்து உட்காருகின்றனர். நல்லது, பேசட்டும். அந்தக் குடத்திலே பெயர் விழ வேண்டுமானால் சொந்த நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டும் என்று அதே கல்வெட்டு விதித்திருப்பதை மட்டும் மேடையில் சொல்ல மறந்துவிடுகின்றனர். போகட்டும். அதே காஞ்சிச் சீமையிலே, நகருக்கு அருகிலேயே கூரம் என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம். நூல்நிலையம் பற்றி வாய் திறக்கும் எவரும் முதலில் பேச வேண்டிய ஊர் அது!

ஏன் என்கிறீர்களா? ஏழாம் நூற்றாண்டிலே காஞ்சியை ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன், கூரத்திலே ஒரு கோயில் எடுத்தான், செப்பேடும் வெட்டுவித்தான். சாளுக்கியனைப் புறமுதுகிடச் செய்த பெருமை, பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்த செய்தி எல்லாம் அதிலே உண்டு. நமக்கு வேண்டியது பங்கு பிரித்த கணக்கு. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கினான் மன்னன். கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. மண்டபத்திலே தண்ணீரும் தீயும் வைக்க 1 பங்கு. அந்த மண்டபத்திலே பாரதம் வாசிக்க 1 பங்கு. மீதி 20 பங்கு? நான்மறை கற்ற இருபது பேருக்கு!

கணக்கைக் கவனியுங்கள், தோழர்களே! நூல் வாசிப்புக்கு ஒன்று, வேதியர்க்கு இருபது. உழுதவனுக்கும், ஏரிக்கு மண் சுமந்தவனுக்கும் இந்த 25 பங்கிலே இடமில்லை. இந்த அநீதியை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் அந்த ஒரு பங்கை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். பொது இடத்திலே நூலை உரக்கப் படிக்க வேண்டும், அதற்கு நிலையான வருவாய் வேண்டும், மண்டபத்துக்கு வருவோர்க்குக் குடிநீரும் வெளிச்சமும் வேண்டும் — இத்தனையும் 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணப்பட்டிருக்கிறது. இன்று நூலகத்தில் கூட்டம் நடத்துவோர் பலருக்குத் தண்ணீர்ப் பானையின் நினைவே வருவதில்லை!

கூரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. இராமானுசரின் முதன்மைச் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. நம்மவர் முகம் சுளிக்க வேண்டாம். இராமானுசரின் வாழ்வைத் தொலைக்காட்சித் தொடராக எழுதியவர் கலைஞர். வைணவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி இது: குருவும் சீடரும் ஒரே ஒரு நூலைப் படிப்பதற்காகக் காசுமீரம் வரை நடந்தார்களாம். நூலை வைத்திருந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு துரத்தி வந்து பறித்துக்கொண்டார்களாம். கலங்கிய குருவிடம், "இரவிலே நான் படித்துவிட்டேன், மனத்திலே இருக்கிறது" என்றாராம் கூரத்தார். நடந்ததோ, பின்னர் சேர்த்ததோ, கதையின் உட்கிடை தெளிவு. பகலெல்லாம் நடந்த மனிதனுக்குப் படிக்கக் கிடைத்தது இரவு மட்டுமே.

இன்றைய உழைப்பாளிக்கும் அதே நிலைதான். தறிக்குழியிலே கால் வைத்தவன் பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகிறான். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் கம்பெனிப் பேருந்தில் போகும் இளைஞன், ஷிப்ட் முடிந்து ஊர் திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஊர் நூலகமோ பெரும்பாலும் பகல் பொழுதின் சொத்து. வேலையில்லாதவனும் ஓய்வு பெற்றவனும் நாளேடு புரட்டுவதற்கு ஏற்ற நேரம் அது. அவர்கள் படிப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நூலகத்துக்கு வரி கட்டுவது யார்?

நீங்கள்தான் கட்டுகிறீர்கள்! வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியே ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஓட்டு வீட்டுக்காரன் கட்டுகிறான், மாடி வீட்டுக்காரன் கட்டுகிறான், எழுத்தறியாத பாட்டியும் கட்டுகிறாள். விடுதலை பெற்ற இந்தியாவிலே முதன்முதலாக 1948இல் சென்னை மாகாணம்தான் பொது நூலகச் சட்டம் இயற்றியது. 1950இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூளையாக நின்றவர் இரங்கநாதன், சீர்காழிக்காரர். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியிலே நூல்கள் போயின. வண்டி கட்டிக்கொண்டு போய்க் கொடுத்த நாட்டிலே, கட்டடம் கட்டிவிட்டுப் பூட்டி வைப்பதா?

காமராசர் ஆட்சியில் கல்வித்துறைக்குத் தலைமை தாங்கி, நூலகத்துறையையும் வளர்த்த நெ. து. சுந்தரவடிவேலு, இதே காஞ்சி வட்டாரத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். 'வீட்டிற்கோர் புத்தக சாலை' வேண்டும் என்று வானொலியில் பேசிய அண்ணா, காஞ்சியின் மைந்தர். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், 12,618 ஊராட்சிகளுக்கும் ஊருக்கொரு நூலகம் என்று குறித்தது. 2011இல் ஆட்சி மாறியதும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்தப் பெரிய நூலகத்துக்காகக் கொதித்தோம், எழுதினோம், வழக்காடினோம். ஊராட்சி நூலகத்துக்குப் பூட்டுத் தொங்கியபோது கொதித்தோமா? எத்தனையோ ஊர்களிலே அந்தக் கட்டடம் தூசி படிந்து கிடப்பதை வழிப்போக்கரும் கண்டிருக்கிறார்கள். அதற்குத் தடையாணை கேட்டு எவரும் நீதிமன்றம் போகவில்லை.

கோட்டூர்புரத்திலே சனிக்கிழமை மாலையில் 'பொன்மாலைப் பொழுது' என்று நிகழ்ச்சி வைத்து எழுத்தாளர்களைப் பேச வைத்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் கூரத்து நெசவாளி எழுபது கிலோ மீட்டருக்கு மேல் போய் அதைக் கேட்க வேண்டுமானால் அரை நாள் கூலி போச்சு, பேருந்துக் கட்டணம் போச்சு, இராத்திரி திரும்ப வண்டி கிடைத்தால் அவன் பாக்கியம். எழுத்தாளர் ஒருவர் கூரத்துக்கு வருவது எளிதா, கூரத்தார் ஐம்பது பேர் சென்னைக்குப் போவது எளிதா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அண்ணா பிறந்த அதே 1909இல் பிறந்தவர் பி. என். பணிக்கர். அவர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் கண்டார். ஊர்க்காரர்களின் குழுவே நடத்துகிற நூலகங்கள் அவை. அரசு மானியம் தருகிறது. வேலை முடிந்து வருகிற மாலையே அங்கே முக்கிய நேரம். கண்ணூர்ப் பக்கத்திலே பீடித் தொழிலாளர் செய்த ஏற்பாடு அதைவிட அழகு. ஒருவர் உட்கார்ந்து ஏட்டையும் நூலையும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவரின் கூலி குறையாதபடி அவர் பங்குப் பீடியை எல்லோரும் சேர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். மன்னன் கொடுத்த ஒரு பங்கை நினைத்துப் பாருங்கள். பீடித் தொழிலாளி தன் விரலால் கொடுத்த பங்கையும் பாருங்கள். எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஓலைக் கூரைப் படிப்பகத்திலும் ஒருவர் ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்ததுதான் நம் இயக்கம். அந்தப் படிப்பகங்கள் பலவற்றின் இடத்திலே இன்று கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது.

வாசகர் வட்டம் என்ற அமைப்பு நூலகங்களுக்கு உண்டு. அதிலே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்த வட்டத்திலே ஒரு தறிக்காரர், ஒரு கம்பெனித் தொழிலாளி, ஒரு விவசாயக் கூலிப் பெண் இருக்கிறார்களா? கிளைச் செயலாளர் பதவிக்கு மல்லுக்கு நிற்கும் நம் தோழர்கள், வாசகர் வட்டத்தில் சேர ஏன் வரிசையில் நிற்பதில்லை?

யாரைப் பேச அழைப்பது என்று கேட்பீர்கள். புகழ்பெற்ற நாவலாசிரியர் வரட்டும். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்பாகச் சுருக்கி 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்ததே, அதைத் தமிழிலே விளக்க ஒரு வழக்கறிஞர் வர வேண்டும். கூரம் செப்பேட்டைக் கூரத்துப் பிள்ளைகளுக்கே படித்துக் காட்ட ஒரு கல்வெட்டறிஞர் வர வேண்டும். அந்த ஏட்டிலே தங்கள் ஊர்ப்பெயர் இருப்பதை ஊரார் தங்கள் காதால் கேட்கட்டும். யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கையும் கேட்கட்டும். நெசவாளியே எழுதிய கதையை நெசவாளியே வந்து படிக்கட்டும். பெண்களுக்கு இரவு ஒத்து வராது. அடுப்பும் பிள்ளையும் விடாது. அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில் தனியே ஒரு கூட்டம் வையுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரத்தை நம்மவர்கள் தின்றுவிட்டு, வந்த எழுத்தாளருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கும் வழக்கத்தை நூலக வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று தளபதி 2017இல் கேட்டுக்கொண்டார்; கொடுத்தோம், குவித்தோம், அவை நூலகங்களுக்குப் போயின. அவற்றில் ஒன்றையாவது திருப்பி எடுத்துப் படித்தோமா? பேச்சுக்கு அரை மணி, கேள்விக்கு ஒரு மணி என்றிருக்கட்டும். கைதட்டல் குறைந்தால் பரவாயில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த தொழிலாளியை எந்த முதலாளியும் எளிதில் ஏய்க்க முடியாது.

மாலையில் திறந்தால் ஆளில்லை, சம்பளமில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. குறைந்த ஊதியத்தில் நூலகர் ஒருவரே காலை முதல் இரவு வரை காவல் கிடக்க முடியாது. அவருடைய நேரத்தை மாற்றிக் கேட்போம். கூட்ட நாட்களில் விளக்கேற்றவும் பெருக்கவும் நாற்காலி போடவும் நாம் நிற்போம். ஆட்சி எவருடையதாக இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். நமது ஆட்சி என்றால் உரிமையோடு கேட்கலாம், மாற்றார் ஆட்சி என்றால் உரத்துக் கேட்கலாம்.

ஆகவே தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டம் முடிந்ததும் இருவர் நூலக வரி ரசீதை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போங்கள். ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அது எங்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள்.