சபையின் மௌனம்

வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடைபெறுங்கால், பாரதக் கூத்தில் துகிலுரியும் இரவுக்கு ஜனங்கள் திரள்திரளாக வந்து கூடுவர். துச்சாதனன் வேடம் புனைந்தவர் சேலையைத் தொடுமுன் தேவியை வணங்கிக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். தாய்மார் கண்ணீர் சொரிவர். ஆடவரும் மனங் கலங்குவர். பொழுது புலர்ந்ததும் அவரவர் வீடு திரும்புவர். அங்ஙனம் திரும்பும் ஆடவருள் தம் மனைவியர்மீது கை நீட்டாதவர் எத்தனை பேர்? இக்கேள்வி பலருக்குக் கசக்கும். கசப்பினும் கேட்டே ஆகவேண்டும். 2019-21ல் மத்திய சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான ஸ்திரீகளில் நூற்றுக்கு 38 பேர் கணவனால் கொடுமைக்கு உள்ளானவர்கள். தேசம் முழுமைக்கும் அக்கணக்கு 29. எல்லாவற்றிலும் முன்னிற்பதாக மார்தட்டும் நமக்கு இதனினும் பெரிய தலைகுனிவு வேறில்லை.

இக்கொடுமையை ஒழிக்க நாடகத்தால் என்ன ஆகும் என்று சிலர் நகைப்பர். அவர்கள் நமது சரித்திரத்தை மறந்தவர்கள். நாடகத்திற்கு அஞ்சியே அந்நிய அரசாங்கம் 1876ல் தனியொரு சட்டம் இயற்றியது. விசுவநாத தாஸ் முருகன் வேடந் தாங்கித் தேசீய கீதங்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940ல் மேடையிலேயே உயிர் நீத்தார். ஒரு சாம்ராஜ்யத்தை நடுங்கச் செய்த கருவி, ஒரு வீட்டின் கொடுங்கோலை அசைக்க மாட்டாதா?

அசைத்த உதாரணமும் உண்டு. மணமகள் தீக்கிரையாவதும், அடுப்பு வெடித்ததென்று அதனை விபத்தாகப் பதிந்துவிடுவதும் டில்லி நகரில் மலிந்திருந்த காலத்தில், 'ஸ்திரீ சங்கர்ஷ்' என்னும் பெண்கள் கூட்டத்தார் 'ஓம் ஸ்வாஹா' என்ற வீதி நாடகத்தைத் தெருக்களிலும் கல்லூரிகளிலும் நடத்தினர். விபத்தென்று கூறப்பட்டதைக் கொலையென்று பெயரிட்டு அழைத்ததே அந்நாடகத்தின் பெருந்தொண்டு. பெண்கள் இயக்கம் வலுத்தது. கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் பிரிவு 1983லும், வரதட்சிணை மரணத்திற்குத் தனிப் பிரிவு 1986லும் சட்டத்தில் ஏறின. நாடகமொன்றே இவற்றைக் கொணர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. ஊமையாயிருந்த வீதிக்கு அது வாய் கொடுத்தது என்றே சொல்கிறோம்.

எனினும் சட்டம் ஏட்டிலிருந்தால் போதாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தேசத்தில் 6,000க்கு மேற்பட்ட வரதட்சிணை மரண வழக்குகள் பதிவாகியுள்ளன.

இனி எத்தகைய நாடகம் வேண்டும்? அழவைக்கும் நாடகம் நம்மிடம் ஏராளம். நல்லதங்காளுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுதோம்; அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடியே வாழ்ந்தோம். இரக்கம் மலிவானது, அதற்கு யாரும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. திரௌபதியோ சபையில் இரக்கம் கேட்கவில்லை, நியாயம் கேட்டாள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்றாள். பீஷ்மரும் துரோணரும் வீற்றிருந்த அச்சபையில் விகர்ணன் என்னும் இளைஞன் ஒருவன் எழுந்து, இது அதர்மம் என்றான். ஆகவே, அடிப்பவனையும் அடிபடுபவளையும் மட்டும் காட்டுவது போதாது. அடுத்த வீட்டுச் சுவரின் பின்னே அலறல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவனையும் அரங்கத்தில் நிறுத்தவேண்டும். பார்ப்பவன் தன்னை அங்கே கண்டு வெட்கவேண்டும்.

குடும்ப விஷயத்தில் அயலார் தலையிடலாமா என்பது பழைய ஆட்சேபம். இதற்குச் சட்டமே விடை சொல்லுகிறது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, கொடுமை நடக்கிறதென்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது வழக்கில்லை. அயலானுக்குச் சட்டம் அளித்த இந்த உரிமையை எத்தனை பேர் அறிவர்? வக்கீல்களின் புத்தக அலமாரியிலிருந்து இதை வீதிக்குக் கொண்டுசெல்ல நாடகத்தினும் நல்ல வாகனம் இல்லை.

எனவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே. மகளிர் தினத்தன்று சபா மண்டபத்தில் ஒரு நாடகம் நடத்தி மாலை மரியாதையுடன் கலைந்துவிடாதீர்கள். ஆடவர் கூடும் சந்தைக்கும், தேநீர்க் கடை முனைக்கும், ஆலை வாயிலுக்கும் செல்லுங்கள். ஆட்டம் முடிந்த இடத்தில் ஒரு வக்கீல் நிற்கட்டும்; ஸ்திரீகளுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டென்று அவர் எடுத்துரைக்கட்டும். 181 என்ற உதவி எண்ணை ஊரறியச் சொல்லுங்கள். உண்மையில் துன்புற்றவளின் பெயரையும் அடையாளத்தையும் மேடையேற்றி அவளை மறுமுறை அவமானப்படுத்தாதீர்கள். எல்லாவற்றிற்கும் முன்னதாக, நாடகம் நடத்தப் புறப்படும் தொண்டன் தன் வீட்டை முதலிற் சோதித்துக்கொள்ளட்டும்.

கௌரவர் சபையில் விகர்ணன் ஒருவனே இருந்தான். அவன் சொல் எடுபடவில்லை. தெருவுக்குப் பத்து விகர்ணர் எழுவாராயின் எந்தத் துச்சாதனன் கை நீளும்?