எல்லா வரியும் சரி, கதவு மட்டும் திறந்திருக்கு

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. பி.காம். படிச்சுட்டு மட்டாஞ்சேரியில் வங்கி வேலை பார்க்கிறவனுக்கு ரவுட்டரோடு என்ன சகவாசம்னு கேட்பீங்க. தங்கமணியும் அதையேதான் கேட்டாங்க :-)

எங்கள் கிளைக்குப் புது ரவுட்டர் வந்தது. கான்ஃபிகரேஷனைச் சரிபார்த்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போடணும். இருக்க வேண்டிய வரிகளை ஒரு புரோகிராம் தேடிப் பார்த்து, எல்லாத்துக்கும் பச்சை டிக் போட்டிருந்தது. பொருத்த வந்த நெல்லைப் பையன்தான் "சார், இதைப் பாருங்க"ன்னு காட்டினான். யாரை உள்ளே விடலாம்ங்கிற பட்டியலின் எண் 103. இன்டர்ஃபேஸில் மாட்டியிருப்பது 130. அப்படியொரு பட்டியலே இல்லை! சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.ஸில் இல்லாத பட்டியலை மாட்டினால் எல்லாரையும் உள்ளே விட்டுவிடுமாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரியிலும் பிழை இல்லை.

நம்ம பாஷையில் சொல்றேன். ஐ.எஃப்.எஸ்.சி. என்பது 11 எழுத்து: முதல் 4 வங்கி, அடுத்து ஒரு பூஜ்யம், மீதி 6 கிளை. வடிவம் சரியா இருந்தா போதுமா? நெஃப்டில் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைப்பார்கள். ஓர் இலக்கம் மாறி அது வேறொருவர் எண்ணாகிவிட்டால், ஊரில் அம்மாவுக்கு அனுப்பின பணம் அங்கே போயிடும். பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரணும்னு ரிசர்வ் வங்கி சொன்னதே 2024 டிசம்பர் 30-ல்தான்.

ரவுட்டருக்கும் அந்தப் பெயர் பார்க்கிற வேலை வேணும். வரிவரியாகத் தேடுவது, கடிகார சர்வர் எழுதியிருக்கா என்பது மாதிரி விஷயத்துக்குப் போதும். பாதுகாப்புக்குப் போதாது. பேட்ஃபிஷ்னு ஒரு திறமூல மென்பொருள் இருக்கு. எல்லா ரவுட்டர் ஃபைலையும் படித்து, நெட்வொர்க்கையே கணினிக்குள் கட்டிப் பார்க்கும். இல்லாத பட்டியலை எங்கே மாட்டியிருக்கு, வெளியாள் ஏ.டி.எம். வரை போக முடியுமா என்றெல்லாம் அதனிடம் கேட்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லலை. 2021 அக்டோபர் 4 ராத்திரி வாட்ஸ்அப் படுத்து, ஊருக்குப் பேச முடியாமல் தவிச்சோமே, ஞாபகமிருக்கா? பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்ததுன்னு ஃபேஸ்புக்கே சொன்னது. சுமார் 6 மணி நேரம் போச்சு.

நான் கையெழுத்துப் போடலை. ஒப்பந்தக்காரருக்கு ஏகக் கடுப்பு. 130-ஐ 103 ஆக்க ஒரு நிமிஷம் ஆச்சு. பச்சை டிக் போட்ட அறிக்கையைத் திரும்பப் பெற வைக்கத்தான் நாலு நாள்.