தேங்கும் இடம் எது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரி மரத்தடியில் நான்கு மாணவர்கள் கூடினால் பேச்சு தேர்வைப் பற்றியதாக இருக்கும். இல்லையேல் கணிப்பொறியைப் பற்றியதாக இருக்கும். "விளையாட உட்கார்ந்தால் திணறுகிறது, வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் தூங்குகிறது, குறைந்த விலையில் எந்தப் பிராசசர் போடலாம்?" என்று ஒருவன் கேட்பான். உடனே நால்வரும் நான்கு பெயர்களை அடுக்குவார்கள். அவனுடைய கணிப்பொறி எந்த இடத்தில் திணறுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாடி பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியம் இது! இந்தத் தவற்றை நானும் செய்யத்தான் இருந்தேன். தடுத்தவர், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட என் அக்காள்.

என் ஊர் போச்சம்பள்ளி. ஞாயிறு தோறும் கூடும் சந்தையாலும் சுற்றியுள்ள மாந்தோப்புகளாலும் அறியப்பட்ட ஊர், இன்று சிப்காட்டாலும் அறியப்படுகிறது. 2021-இல் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை எங்கள் பகுதியில் இயங்கத் தொடங்கியபோது நாளிதழ்களெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரை எழுதின. காலையிலும் மாலையிலும் ஷிப்டு பஸ்கள் வரிசையாகப் போகின்றன. அவற்றுள் ஒன்றில் என் அக்காளும் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்; நான் மிதிப்பதற்காகத் தாம் மிதிக்காமல் நின்றவர் அவர்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறியும் அவரால் வந்ததே. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பள்ளி முடிக்கும்போது அவருக்குக் கிடைத்த மடிக்கணினியில்தான் நான் எழுத்தடிக்கவும் படங்களை வெட்டி ஒட்டவும் பழகினேன். பின்னர் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். அதில் இருந்தது 2019-இல் வெளிவந்த ரைசன் 3 3200ஜி பிராசசர், எட்டு ஜி.பி. நினைவகம்; பழைய ஹார்டு டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

இரவில் ஒரு மணி நேரம் விளையாடுவேன். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை விளையாடினால் பொழுதுபோக்கு, ஏழை வீட்டுப் பிள்ளை விளையாடினால் ஊதாரித்தனம் என்று சொல்லும் நியாயம் எனக்குப் புரிவதில்லை. விளையாட்டோடு வேலையும் உண்டு. தை, மாசி மாதங்களில் எருது விடும் விழாக்களையும், முகூர்த்த நாள்களில் திருமணங்களையும் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் படமெடுப்பார். அவற்றை வெட்டிக் கோத்து, பாட்டுச் சேர்த்துக் கொடுத்தால் எனக்குக் கூலி கிடைக்கும். பத்து நிமிடப் படத்தை இறுதி வடிவில் வெளியே எடுக்க என் கணிப்பொறிக்கு ஐம்பது நிமிடம் ஆகும்.

சென்ற 2025 மே மாதம், "பிராசசரை மாற்றினால் எல்லாம் சரியாகும்" என்று நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அக்காளுக்கு அப்போதுதான் சீட்டுப் பணம் கிடைத்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எவ்வளவுடா ஆகும்?"

"பத்தாயிரத்துக்கு மேல ஆகும்க்கா."

"தர்றேன். ஆனா அதை மாத்தினா சரியாயிடுமா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். எங்க லைன்ல வேலை தேங்கிச்சின்னா உடனே புது மிஷின் வாங்க மாட்டாங்க. எந்த எடத்துல தேங்குதுன்னு கடியாரத்தைக் கையில வெச்சிக்கிட்டு நின்னு பார்ப்பாங்க. நீ பார்த்தியா?"

இயற்பியல் படிக்கும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அளவெடுத்துப் பார்த்துவிட்டுப் பேசு என்பதல்லவா நம் ஆய்வகத்தின் முதல் பாடம்?

அன்றிரவே பார்த்தேன். காசு செலவில்லை, விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து வைத்தால் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று அதுவே காட்டுகிறது. விளையாடும்போது பிராசசர் அறுபது விழுக்காடுதான் உழைத்தது. நினைவகமோ நிரம்பி வழிந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியும் அதே நினைவகத்தைத்தான் பங்கிட்டுக் கொள்கிறது. என் எட்டு ஜி.பி.யில் இரண்டு ஜி.பி. அதற்கே போயிற்று. போதாக்குறைக்கு ஒரே ஒரு நினைவகத் தகடு. இரண்டு தகடுகள் இருந்தால் தரவு இரண்டு பாதைகளில் ஓடும். ஒன்றே என்றால் ஒற்றையடிப் பாதைதான். இடம் போதாமல் ஹார்டு டிஸ்கை நாடினால் அது தானே நொண்டுகிறது.

ஆக, தேங்கிய இடம் வேறு. நான் மாற்ற நினைத்த இடம் வேறு!

ஜூன் மாதம் இன்னொரு எட்டு ஜி.பி. தகடும், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எஸ்.டி.யும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து பிராசசர் விலையில் பாதியைத் தொடவில்லை. அதையும் என் கூலியிலிருந்தே கொடுத்தேன். விளையாட்டில் திணறல் குறைந்தது. எடிட்டிங்கில் கோப்புகள் உடனே திறந்தன. ஆனால் படத்தை வெளியே எடுக்க மட்டும் அதே ஐம்பது நிமிடம். அந்த வேளையில் பார்த்தால் பிராசசர் நூறு விழுக்காடு உழைத்தது. இப்போது தேங்கும் இடம் பிராசசர்தான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. பொங்கல் வரை கூலியைச் சேர்த்து, அதன் பிறகே அதை மாற்றினேன்.

எதை வாங்குவது? இங்கும் ஒரு குழி இருந்தது. 2022-இல் வந்த ரைசன் 5 5500, 5600 ஆகியவை விலைக்கு ஏற்ற நல்ல பிராசசர்கள் என்று பலரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அவற்றுக்குள் கிராபிக்ஸ் பகுதி இல்லை. தனி கார்டு இல்லாத என் கணிப்பொறியில் அவற்றைப் போட்டிருந்தால் திரையில் ஒன்றும் தெரிந்திராது. எனக்கு வேண்டியது 2021-இல் வந்த 5600ஜி. 'ஜி' என்ற ஓரெழுத்துத்தான் வேறுபாடு. இன்டெல் பிராசசர்களில் பெயரின் முடிவில் 'எஃப்' என்று இருந்தால் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்று பொருள். எழுத்துக்கு எழுத்து பாருங்கள். கடைக்காரர் பார்க்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

பழையதில் நான்கு கோர், நான்கு திரெட். புதியதில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஐம்பது நிமிட வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. எருது விடும் விழாப் படங்களை அன்றன்றே கொடுத்துவிட்டேன். ஆனால் விளையாட்டில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே தேங்குவது இப்போது கிராபிக்ஸ் பகுதி. விளையாட்டையே முதன்மையாகக் கொண்டவர்கள் தனி கார்டுக்குக் காசு சேர்ப்பதே முறை. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்கு 5600 சிறந்தது. அதிலுள்ள உள்நினைவகம் 32 எம்.பி.; 5600ஜி-யில் 16 எம்.பி.தான்.

மற்றொன்று. 2017-இல் ரைசன் வரிசையோடு விற்பனைக்கு வந்த ஏ.எம்.4 மதர்போர்டுகளில், பயாஸைப் புதுப்பித்தால், பின்னாளில் வந்த இந்தப் பிராசசர்கள் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் போர்டுக்குப் பொருந்துமா என்று அதைச் செய்த நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே பாழாகும், நான் யு.பி.எஸ். உள்ள நண்பன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றேன். 2025-இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. ஆகவே போர்டையும் நினைவகத்தையும் வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றும் வழி, நம் போன்றோருக்கு முன்னைவிடப் பொருத்தமாகிறது.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசர்க்கு மட்டும் உரியதன்று. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும் உரியதே. விளம்பரங்கள் நம்மிடம் "எது புதிது?" என்று கேட்கச் சொல்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே தேங்குகிறது?" என்பதே. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதலாண்டு மாணவர்களுக்குக் கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி, தம் இயந்திரத்தைத் தாமே அளந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். எத்தனையோ வீடுகளின் சீட்டுப் பணம் மிச்சமாகும்.

என் அக்காளின் சீட்டுப் பணம் அவரிடமே இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர அவர் விவரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் உண்மையாகவே தேங்கி நின்றது எது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.