மட்டைத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள்



கடந்த பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. எட்டாந் தரத்தில் படிக்கும் என் இளைய மகள், பழைய பிஸ்கட் பெட்டிகளை வெட்டி எழுத்து விளையாட்டு ஒன்றைச் செய்தாள். தமிழில் 247 எழுத்துகள் அல்லவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டைத் துண்டு. எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஏழு எடுத்து, சொல் அமைக்க வேண்டும். ஐந்து நாள் குனிந்திருந்து வெட்டினாள்.

இஷாவுக்குப் பின் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் போயிற்று. ஒருவராலும் ஒரு சொல்லும் அமைக்க முடியவில்லை. அவளுடைய நானாவின் கையில் 'ஙௌ', 'ஞை' என்று வந்திருந்தன. அவன் சிரித்தான். அவள் அவசரமாக ஒரு விதியை மாற்றினாள். பிறகு இன்னொன்றை மாற்றினாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நான், "இந்த நேரத்துக்கு ஒரு பாடத்தைப் படிச்சிருக்கலாமே, மகள்" என்றேன். அவ்வளவுதான். எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு என் மனைவி அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பால்மா டின்னில் போட்டுக்கொண்டே சொன்னார்: "புள்ள அஞ்சு நாள் செஞ்சத நீங்க ஒரு சொல்லுல முடிச்சிட்டீங்க."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகளுக்கு நாற்பது பிழை திருத்தும் ஆசிரியன், சொந்த மகளின் முதல் பிழைக்கே கடையை மூடச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் 'ஸ்கிரபிள்' விளையாட்டை உருவாக்கியவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை மகளை அழைத்து அதைச் சொன்னேன்.

அவர் பெயர் அல்பிரட் பட்ஸ். நியூயோர்க் நகரில் கட்டடக் கலைஞராக இருந்தவர். அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கிய காலத்தில், 1931இல் வேலையை இழந்தார். கையில் வேலை இல்லாதபோது ஒரு விளையாட்டை அமைக்க எண்ணினார். முதலில் உலகில் உள்ள விளையாட்டுகளை வகை பிரித்துப் பார்த்தார். பகடை போன்றவை முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுபவை. சதுரங்கம் முழுக்கத் திறமையில் ஓடுவது. இரண்டுக்கும் நடுவே, சொற்களால் அமைந்த ஒன்றை அவர் தேடினார்.

ஆங்கில எழுத்து 26இலும் எதை எத்தனை முறை வைப்பது? அவர் ஊகிக்கவில்லை. பத்திரிகைகளின் முதற் பக்கத்தை விரித்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதன்படி அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு 12 துண்டுகள், அரிதான 'இஸட்'டுக்கு ஒன்று. 'எஸ்' எழுத்தை மாத்திரம் வேண்டுமென்றே நான்காகக் குறைத்தார். அதை ஒட்டினால் பன்மைச் சொல் எளிதில் கிடைத்து விளையாட்டு சப்பென்று போய்விடும் என்பதால்.

முதலில் அதற்குப் பலகையே இல்லை. குறுக்கெழுத்துப் போட்டியைப் போல் சொற்களைக் குறுக்கும் நெடுக்கும் கோக்கும் பலகை 1938 அளவில்தான் வந்தது. மனைவியோடும் அயலவரோடும் விளையாடி விளையாடித் திருத்தினார். மனைவி அவரைவிட நன்றாக விளையாடுவாராம்! ஆனால் பெரிய விளையாட்டுக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை மறுத்தன. அவர் தம் கையாலேயே சிறுகச் சிறுகச் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தார்.

1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதைச் சந்தைக்குக் கொண்டுவர முன்வந்தார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு பங்கு என்பது உடன்பாடு. அவர் விதிகளை எளிதாக்கி, 'ஸ்கிரபிள்' என்று பெயர் சூட்டினார். 1949இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டொலர் நட்டப்பட்டார். 1952இல்தான் திடீரென்று கேள்வி பெருகியது. முன்னர் மறுத்த கம்பனிகளில் ஒன்றே பிறகு உரிமம் பெற்று அதைத் தயாரித்தது. பட்ஸ் 1993இல் தமது 93ஆம் வயதில் காலமானார். தமக்குக் கிடைத்த பங்கில் மூன்றிலொன்று வரிக்குப் போனதாகவும், மூன்றிலொன்றைப் பிறருக்குக் கொடுத்ததாகவும், மீதியில் இன்பமாக வாழ்ந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்ட மகள் ஒன்றும் பேசவில்லை. போய்ப் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தாள். இருவருமாக ஒரு பக்கத்தின் எழுத்துகளை எண்ணினோம். 'ம்', 'ன்', 'க்', 'து' எல்லாம் திரும்பத் திரும்ப வந்தன. 'ஙௌ' ஒரு தடவைகூட வரவில்லை. அப்போதே அவளுக்குப் பிழை விளங்கிவிட்டது. வராத எழுத்துகளை ஒதுக்கினாள். அடிக்கடி வருபவற்றுக்கு நான்கைந்து துண்டுகள் வெட்டினாள். எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுத் துண்டுகள் சிலவற்றையும் சேர்த்தாள்.

அடுத்த படிதான் கடினமானது. விதிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிக்குள் செய்தவர் உட்கார்ந்திருந்து விளக்கம் சொல்ல மாட்டார் அல்லவா? அவர்கள் மூன்றாவது விதியைத் தலைகீழாக விளங்கிக்கொண்டார்கள். மகளுக்கு உதடு துடித்தது. ஆனாலும் பேசாமல் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிழை அவர்களுடையதல்ல, தான் எழுதிய வாக்கியத்தினுடையது என்பதை அன்று கற்றாள். எத்தனை பரீட்சைத் தாள் திருத்தினாலும் நான் அதை அவளுக்குக் கற்பித்திருக்க முடியாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பந்தயமும் சூதும் கலவாத, பகடையில்லாத விளையாட்டை நாமே அமைத்துக்கொள்வது நம் வீடுகளுக்குப் பொருத்தமானதே. பிள்ளை செய்ததை ஒரு தடவை முழுதாக விளையாடிப் பாருங்கள். அதன் பிறகு குறை சொல்லுங்கள். "நல்லா இருக்கு" என்று சும்மா சொல்லாமல், எந்த இடத்தில் சலிப்பு வந்தது, எங்கே விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பொய்ப் பாராட்டும் ஒரு வகையில் குப்பைக் கூடைதான்.

அது நன்றாக வந்து, ஒரு கம்பனிக்கோ அச்சகத்துக்கோ காட்ட விரும்பினால், துப்புரவான பிரதி ஒன்றும் ஒரு பக்க விதித்தாளும் போதும். எத்தனை பேர், எந்த வயது, எவ்வளவு நேரம் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். பங்கு பற்றிய பேச்சு வந்தால் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுங்கள்; கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. மறுத்தார்களானால், ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும்.

மகளின் விளையாட்டு இன்னும் முடிந்தபாடில்லை. ஆட்டம் நீண்டுகொண்டே போகிறது; எப்போது நிறுத்துவது என்ற விதிக்கு அவள் இன்னும் வழி தேடுகிறாள். துண்டுகள் அந்தப் பால்மா டின்னில்தான் இருக்கின்றன. சென்ற வெள்ளிக்கிழமை இரவும் விளையாடினோம். பட்ஸுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்தது: மனைவியிடம் தோற்றேன்.