பந்து வாங்கப் போகும் முன்

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து சகோதரியொருவர் எழுதியிருக்கிறார்:

"மௌலவி, மார்க்க விளக்கம் கேட்கும் இடத்தில் பந்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்த மகனுக்குப் பதினாறு, அடுத்த இரண்டும் பெண்பிள்ளைகள், பதின்மூன்றும் பத்தும். கடைக்குட்டி மகனுக்கு ஏழு. பிள்ளைகளின் வாப்பா பின்வளவில் சீமெந்து போட்டு, மதிலில் வளையமொன்றும் பொருத்தித் தந்தார். சென்ற வருடம் வாங்கிய கூடைப்பந்து இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் வீங்கி மாங்காய் போலாகிவிட்டது. கடைக்காரர், 'பெரியதாக வாங்குங்கள், வளர வளர விளையாடலாம்' என்று சொல்லித்தான் தந்தார். சின்ன மகளின் விரல் மடங்கி ஒரு வாரம் வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை. மறுபடியும் காசைக் கொட்ட வேண்டுமா?"

கோபிக்க என்ன இருக்கிறது? வீட்டுச் செலவில் வீண்விரயம் வராமல் பார்ப்பதும் நம் கடமைதானே. பாடசாலைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் குழுவில் பல வருடங்களாக இருந்து வருவதால், பந்துக்கடைக்காரர்களின் பேச்சு எனக்குக் கொஞ்சம் பழக்கம். விபரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைக்காரரின் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். "வளர வளர விளையாடலாம்" என்பது பெருநாள் சட்டைக்குச் சரி. கையை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். பந்தை மடிக்க முடியாது. கைக்குப் பெரிய பந்து வந்தால் பிள்ளை உள்ளங்கையால் அடிக்கத் தொடங்கும், விரல்களால் பிடிக்காது. எறியும்போது தோளையும் முதுகையும் வளைத்து இரண்டு கையாலும் தள்ளும். வருகின்ற பந்தைப் பிடிக்கையில் விரல் நுனியில் பட்டு மடங்கும். உங்கள் சின்ன மகளுக்கு நடந்தது இதுதான். பிள்ளைக்கு விளையாட வராது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். பிழை பந்தின் அளவில் இருக்கிறது.

கூடைப்பந்துக்கு இலக்கங்கள் உண்டு. வால்வுக்குப் பக்கத்திலோ பெயருக்குக் கீழேயோ 7, 6, 5 என்று அச்சிட்டிருக்கும். 7 ஆம் இலக்கம் வளர்ந்த ஆண்களுக்கும் பதினான்கு, பதினைந்து வயதைத் தாண்டிய பையன்களுக்கும் உரியது. சுற்றளவு ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர், நிறை 600 கிராமளவு. 6 ஆம் இலக்கம் பெண்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கும். சுற்றளவு 72 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, நிறை 540 கிராமளவு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கும் இது பொருந்தும். 5 ஆம் இலக்கம் ஒன்பது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு. 70 சென்ரிமீற்றர், 480 கிராம் அளவில் இருக்கும். அதற்கும் சிறியவர்களுக்கு 4, 3 என்று இன்னும் உண்டு. 3 ஆம் இலக்கத்தின் சுற்றளவு 56 சென்ரிமீற்றர்தான்.

இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மலிவுப் பந்துகளில் 7 என்று போட்டிருக்கும், அளந்தால் வேறொன்று சொல்லும். தையல் நாடாவைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். பந்தின் நடுவில் சுற்றிப் பிடித்தால் ஒரு நிமிட வேலை. கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

6 ஆம் இலக்கத்தைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தொடங்கியது. ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் மண்டபத்துக்குள் விளையாடட்டும் என்று பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து, உதைபந்தைக் கொண்டே ஆரம்பித்தார். அடுத்த ஓரிரு வருடங்களுக்குள் பெண்களும் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பெண்களின் கைக்கு ஏற்ற சிறிய பந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்தது 1984 இல். சர்வதேசப் போட்டிகளுக்கு வந்தது 2004 இல். நூறு வருடத்துக்கு மேலாகப் பெண்கள் ஆண்களின் பந்தைத்தான் சுமந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் நானாவின் பந்தைத் தங்கச்சியிடம் கொடுத்து "விளையாடு" என்பது அந்தக் காலத்துப் பழக்கம்.

வீட்டுக்கு ஒரு பந்துதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? பிள்ளைகள் எல்லோரும் பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் 6 ஆம் இலக்கத்தைத்தான் சொல்வேன். மூத்த மகன் முகத்தைச் சுளிப்பான். "இது பொம்புளைப் பிள்ளைகளின் பந்து" என்பான். பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்து 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே, அதில் ஆண்களும் 6 ஆம் இலக்க அளவுப் பந்தில்தான் ஆடுகிறார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். நிறை மட்டும் 7 ஆம் இலக்கத்துடையது. உங்கள் வீட்டிலோ பத்தும் ஏழும் இருப்பதால், 6 ஆம் இலக்கத்தில் நல்ல பந்தொன்றும், சின்னவர்கள் இருவருக்கும் 5 ஆம் இலக்கத்தில் சாதாரண இறப்பர் பந்தொன்றும் வாங்குங்கள். ஏழு வயதுக்காரனுக்கு 5 சற்றுப் பெரிதுதான். இரண்டு வருடத்தில் சரியாகிவிடும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு தோல் பந்தின் விலை வராது.

தோல் பந்து வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது மரத்தளம் போட்ட உள்ளரங்குக்கு உரியது. சீமெந்திலும் தார் வீதியிலும் தட்டினால் சில கிழமைகளில் தேய்ந்துவிடும்; மழை நீர் பட்டால் ஊறிப் பாரமாகும். மிஞ்சுவது இரண்டு வகை. முழுக்க இறப்பரால் ஆனது விலை குறைவு, கரடுமுரடான தரையைத் தாங்கும், கையில் சற்று வழுக்கும், துள்ளலும் கூட. செயற்கைத் தோல் போர்த்தியது (கடைகளில் ரெக்சீன் பந்து என்றும் சொல்வார்கள்) விரலுக்கு நல்ல பிடி தரும், விலை கூட. இதிலும் வீட்டுக்குள் மட்டும் பாவிப்பது, உள்ளும் வெளியும் பாவிப்பது என்று இரண்டு உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துப் பார்த்து, இரண்டாவதை வாங்குங்கள். உங்கள் வளவில் வழவழப்பான சீமெந்து என்றால் செயற்கைத் தோல் தாங்கும். கிறவலும் மணலும் கலந்த முற்றம் என்றால் நல்ல இறப்பர் போதும்.

விலை கூடினால் எல்லாம் சிறப்பாக இருக்கும் என்றும் இல்லை. 2006 இல் அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கழகங்களின் போட்டிக்கென்று புதிய செயற்கைப் பந்தொன்றை அறிமுகப்படுத்தினார்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள், விரல் வெட்டுகிறது, ஈரமானால் வழுக்குகிறது என்று முறைப்பட்டார்கள். 2007 ஜனவரி 1 ஆம் திகதி பழைய தோல் பந்துக்கே திரும்பிவிட்டார்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், விளையாடப் போகும் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்காமல் காசை நீட்ட வேண்டாம்.

பந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் "மாங்காய்" விவகாரமும் விளங்கும். நடுவில் காற்றுப் பை. அதன்மேல் நைலோன் நூலை எல்லாப் பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பார்கள். அந்த நூற்கூடுதான் பந்தை உருண்டையாக வைத்திருக்கிறது. அதன்மேல் இறப்பர் உறை, அதன்மேல் மேற்போர்வை. மலிவுப் பந்தில் நூலைக் குறைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. காற்றை அளவுக்கு மீறி அடித்தாலோ, வெயிலில் போட்டு உள்ளே காற்று விரிந்தாலோ, நூல் குறைந்த இடத்தில் வீங்கிவிடும். பையன்கள் அதை உதைபந்தாக உதைத்தாலும் இதே கதிதான். வீங்கிய பந்தைத் திருத்த வழியில்லை.

கடையில் எப்படிப் பார்ப்பது? பந்தைச் சுழலும்படி மேலே எறிந்து பாருங்கள். பள்ளக் கோடுகள் ஆடாமல் சுழன்றால் உருண்டை சரி. தள்ளாடினால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு, அடிப்பக்கம் ஆறடி உயரத்தில் இருக்கப் பிடித்துக் கையை விடுங்கள், தள்ள வேண்டாம். துள்ளி வரும்போது பந்தின் மேற்பக்கம் நான்கடிக்கும் நாலரை அடிக்கும் இடையில் வர வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்காமல், பந்தைத் திருப்பித் திருப்பி நான்கைந்து பக்கத்தால் போட்டுப் பாருங்கள். வால்வில் எச்சிலையோ தண்ணீரையோ தொட்டு வைத்தால், கசிவு இருந்தால் குமிழி வரும். கடைசியாக மோந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் இறப்பர் வாடை, கையில் ஒட்டும் சாயம் இரண்டும் மட்டமான சரக்கின் அடையாளம்.

நகரத்துக் கடையொன்றில் நாங்கள் பாடசாலைக்கு வாங்கப் போனபோது, கடைப் பையன் பந்தைக் கல்லுப் போல் ஊதி, "பாருங்க ஹஸ்ரத், எவ்வளவு பலம்" என்று நிலத்தில் அடித்துக் காட்டினான். கூரை வரை போனது. வால்வுக்குப் பக்கத்தில் 7 முதல் 9 வரை என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. சதுர அங்குலத்துக்கு அத்தனை இறாத்தல் காற்று என்பது அதன் பொருள். காற்றைக் குறைத்து மறுபடி போடச் சொன்னேன். அப்போதுதான் அது கோணலாகத் துள்ளுவது தெரிந்தது.

பிரபலமான பெயர்களைப் பற்றியும் கேட்பீர்கள். மோல்ட்டன், ஸ்போல்டிங், வில்சன் எல்லாம் நல்ல நிறுவனங்கள்தான். ஆனால் ஒரே பெயரில் மிக மட்டமான இறப்பர் பந்திலிருந்து போட்டித் தோல் பந்து வரை செய்கிறார்கள். பெயரின் ஓர் எழுத்தை மாற்றிய போலிகளும் சந்தையில் உண்டு. சர்வதேச சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை பின்வளவுக்குத் தேவையில்லை. அதற்குக் கொடுக்கும் காசு வீண். 2022 இல் டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 வரை ஏறியபின், இறக்குமதிப் பொருளின் விலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே விலையை மாதத்தால் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 2,000 ரூபாப் பந்து நான்கு மாதம் உழைத்தால் மாதம் 500. 4,500 ரூபாப் பந்து பதினெட்டு மாதம் உழைத்தால் மாதம் 250. எது மலிவு?

நிறத்தில் பிள்ளைகளின் ஆசைக்கு முழுதாக விட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பந்து கபில நிறம். பார்க்கக் கஷ்டமென்று 1950 களின் பிற்பகுதியில்தான் செம்மஞ்சளுக்கு மாற்றினார்கள். மஃரிபுக்கு முன் அரை மணி நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கறுப்பும் கடும் நீலமும் ஆகாது.

வேறு சில சகோதரிகள், பாடசாலை வலைப்பந்து வீட்டில் கிடக்கிறது, அதையே பாவிக்கலாமா என்று கேட்பதுண்டு. 2018 இலும் 2022 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற நாடல்லவா நம்முடையது. வலைப்பந்து இல்லாத பாடசாலை குறைவு. அதன் சுற்றளவு கூடைப்பந்தின் 5 ஆம் இலக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் நிறை 400 முதல் 450 கிராம்தான். அந்த விளையாட்டில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில்லை என்பதால் அது தொடர்ந்து நிலத்தில் அடிபடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சின்னவர்கள் வளையத்துக்குள் எறிந்து பழக நல்லது. தட்டப் பழக உதவாது.

வளையத்தின் உயரத்தையும் கவனியுங்கள். முறையான உயரம் பத்தடி. சிறுவர் ஆட்டத்துக்கு 2.60 மீற்றர், அதாவது எட்டரை அடி. மதிலில் பூட்டியதை இறக்க முடியுமானால் சின்னவர்களுக்காக இறக்கிவிடுங்கள். சரியான பந்தும் எட்டாத வளையமும் சேர்ந்தால் பழைய கதைதான்.

பெரிய மகள் நாளை பாடசாலை அணியில் சேர விரும்பினால், தலைமறைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2014 இல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். அந்த விதி 2017 ஒக்டோபரில் மாறியது. இப்போது சர்வதேசப் போட்டியிலும் தலையை மறைத்து ஆடலாம். உங்கள் மாவட்டத்தில் கூடைப்பந்துக்கு நல்ல வேரும் உண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் அதை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் ஹெபர்ட் அடிகளாரிடம் பழகியவர்கள் இன்றும் அவரை நினைவுகூருகிறார்கள். 1990 ஆகஸ்டின் அந்தப் பயங்கர நாட்களில் அவர் காணாமற்போனார்.

வாங்கியபின் பராமரிப்பு பெரிய வேலையல்ல. விளையாடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். பள்ளக் கோடுகளில் மணல் தங்கினால் அதுவே அரத்தைப் போல் அராவும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட வேண்டாம். பந்தின்மேல் உட்காரவும் விட வேண்டாம், கடைக்குட்டி செய்யும் முதல் வேலை அதுதான். நல்ல பந்திலும் சில கிழமைகளில் காற்றுக் குறையும், அது பழுதல்ல. சைக்கிள் பம்பில் ஊசியைப் பூட்டி அடிக்கலாம், மெதுவாக. ஊசியைத் தண்ணீரில் நனைத்து நேராகச் செலுத்த வேண்டும். உலர்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு கிழியும். எண்ணெய் பூச வேண்டாம், இறப்பரை அது தின்றுவிடும். ஊசி சில்லறை விலைதான், இரண்டு வாங்கித் தையல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஒன்றை எப்படியும் மகன் தொலைத்துவிடுவான்.