பெயர்ச்சீட்டில் இல்லாத கை

கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிக்குச் செல்வோர் ஒவ்வொரு படைப்பின் அருகிலும் ஒரு சிறு சீட்டைக் காண்பர். மாணவரின் பெயர், படைப்பின் தலைப்பு, பயன்படுத்திய பொருள், அளவு, ஆண்டு ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். பெற்றோர் அதனைப் படித்து மகிழ்வர். தேர்வாளர் படித்துப் புள்ளி இடுவர். அச்சீட்டு கூறுவது முழு உண்மைதானா என்று கேட்பார் அரியர். முதல் நாள் இரவு பத்து மணிக்கு அதே கூடத்தில் ஏணிமேல் நின்று அப்படைப்பை மாட்டியவர் யார்? ஓவியத்துணி தொய்ந்துவிடாதபடி பின்புறச் சட்டத்தை இறுக்கியவர் யார்? மண்சிற்பத்தின் விரிசலை அடைத்து, அடைத்த இடம் தெரியாதவாறு வண்ணம் பூசியவர் யார்? இவற்றுக்கு அச்சீட்டில் விடை இல்லை. பல வேளைகளில் மூன்று வினாக்களுக்கும் விடை ஒருவரே. அவருக்குக் கற்பித்தல் உதவியாளர் என்று பெயர்.

பெரும்பாலும் அவர் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே துறையில் பயின்று வெளிவந்தவர். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர். விரிவுரையாளர் அறையில் அவருக்கென ஒரு நாற்காலி இருந்தால் அது பெரும்பேறு. மேற்பார்வை விரிவுரையாளர் வாரத்தில் ஒருமுறை மாணவனைக் கண்டு, குறிப்பேட்டைப் புரட்டி, கருத்துரைத்துச் செல்வார். எஞ்சிய நாள்களில் மாணவன் எவரைத் தேடி ஓடுகிறானோ அவரே உதவியாளர். திட்டப்பணியின் முன்மொழிவு ஏற்கப்பட்ட நாளிலேயே அவரை அமர்த்தாமல், கண்காட்சிக்குச் சில வாரங்களே இருக்கும்போது அழைத்துக்கொள்ளும் துறைகளும் உண்டு. வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்ட ஆள் தேடும் வேலையன்றோ இது! கற்பித்தல் என்னும் சொல் அவருடைய பதவிப் பெயரில் இருக்கிறது. அவருடைய வேலையில் அதற்கு இடம் விடப்படுவதில்லை.

மண்பாண்டப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இறுதியாண்டு மாணவன் ஒருவன் ஆளுயரத்தில் பாதியளவு ஒரு சிற்பம் செய்ய முனைகிறான். எண்ணம் பெரிது, ஆனால் களிமண் எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை, ஈரத்துக்குத்தான் கட்டுப்படும். சிற்பத்தின் உட்பகுதியைக் குடையாமல் விட்டால் மேற்பரப்பு காய்ந்து தோன்றும்; உள்ளே ஈரம் நிற்கும். காற்றிலேயே நீர் கனத்திருக்கும் நம் நாட்டு மழைக்காலத்தில் தடித்த மண் உலர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவ்வாறு உலராததைச் சூளையில் வைத்தால் என்ன நிகழும்? வெப்பம் 100 பாகையைத் தொடும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி இல்லையெனில் சிற்பத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். பக்கத்தில் வைத்த பிற மாணவர் பாண்டங்களையும் சிதைக்கும். அதனைக் கடந்தாலும் 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல்லின் அமைப்பு மாறித் திடுமென விரிவடையும். ஏறும்போது மட்டுமன்றி, ஆறும்போதும் அதே இடத்தில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. ஏறத்தாழ 1000 பாகை வரை சென்ற முதற்சூடு மெல்ல ஆறும்வரை சூளைக் கதவைத் திறக்கலாகாது. திறந்து பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் மாணவனுக்கு மிகக் கடினமான பாடம்.

இவையனைத்தையும் அறிந்தவர் உதவியாளர். தம் கையும் முன்பு சுட்டுக்கொண்டதனால் அறிந்தவர். கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கையில் ஈரச் சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு மாணவன் வந்து நிற்கிறான். அப்போது அவர்முன் இரு வழிகள் உள்ளன. “இதனை இப்போது சுட முடியாது, சுடாத மண்ணாகவே காட்சிக்கு வை, ஏன் சுடவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுது, தேர்வாளர் கேட்டால் சொல்” என்று கூறுவது ஒரு வழி. அது கற்பித்தல். சிற்பத்தை அவரே அறுத்து, உள்ளே குடைந்து, மீண்டும் ஒட்டி, இரவெல்லாம் சூளைப் பக்கத்தில் விழித்திருந்து, வந்த விரிசலையும் தாமே மறைத்துக் கொடுப்பது இன்னொரு வழி. இதனைக் கருணை என்று சொல்கிறார்கள். துறைத்தலைவரும் இதனையே எதிர்பார்க்கிறார். கண்காட்சிக்கு வெளியார் வருவார்கள், கூடம் பாழடைந்து காணக்கூடாதல்லவா? “அக்கா, நீங்களே ஒருமுறை தொட்டுக் கொடுங்கள்” என்று கெஞ்சும் மாணவனைக் குறைகூறிப் பயனில்லை. கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்கு மூன்றாண்டுகளாகப் பழக்கியவர்கள் பெரியவர்கள்.

இக்கருணையால் மாணவன் இழப்பது எது? தன் மண் ஏன் வெடித்தது என்று அறியும் உரிமையை இழக்கிறான். பட்டம் பெற்று வெளியேறிய மறு ஆண்டு, தனக்கென ஒரு சிறு சூளை வாங்கி, தனியே நின்று அதே பிழையைத் தன் பணத்தில் செய்வான். உதவியாளர் இழப்பதோ தம் பெயரை. அவருடைய அறிவும் உழைப்பும் மற்றொருவருடைய புள்ளியாக மாறி மறைகின்றன. தாமே பாதி செய்த படைப்புக்கு மற்றொருவர் பரிசு பெறுகையில் கைதட்டும் கடமையும் அவருக்கு உண்டு.

“கலை என்பது என்றுமே பல கைகளின் வேலைதான், ஆசானும் மாணாக்கனும் ஒரே கல்லைச் செதுக்கவில்லையா?” என்று கேட்பவர் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். இத்தாலியின் வெரோக்கியோ தீட்டிய கிறித்துவின் திருமுழுக்கு ஓவியத்தில் ஒரு தேவதூதரைத் தீட்டியது இளைஞர் லியனார்டோ என்பது கலை வரலாறு அறிந்ததே. அமெரிக்கச் சிற்பி டோனல்ட் ஜட் 1964 முதல் தம் படைப்புகளை உலோகப் பட்டறையாரிடம் கொடுத்தே செய்வித்தார். அதனை அவர் மறைக்கவும் இல்லை. ஆயினும் இவ்வாதத்தினர் எடுத்துக்காட்டும் பட்டறைகளுள் மிகப் பெரியதான ரூபன்ஸின் பட்டறையே அவர்களுக்கு எதிராகச் சான்று பகர்கிறது. பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியராகிய ரூபன்ஸ் தம் மாணாக்கர் பலரின் துணையோடு ஓவியங்களை உருவாக்கி விற்றவர். 1618ஆம் ஆண்டில் ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனுக்கு அவர் ஓவியப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். அதில் எது முற்றிலும் தம் கையால் ஆனது, எது மாணாக்கன் தொடங்கித் தாம் திருத்தியது என்பதை ஓவியந்தோறும் குறித்தார். புரொமீத்தியஸ் ஓவியத்தில் கழுகை மட்டும் தீட்டியவர் சினைடர்ஸ் என்னும் ஓவியர் என்பதையும் மறவாமல் எழுதினார். விலையும் அதற்கேற்ப வேறுபட்டது.

ஒரு வணிகர், பொருளை விற்கும் வேளையில், கழுகு தம்முடையதன்று என்று எழுதிக் கொடுத்தார். பட்டம் வழங்கும் கல்விக்கூடம் அவ்வளவு நேர்மையையேனும் காட்ட வேண்டாமா? பல கைகள் சேர்வது குற்றமன்று. பல கைகளின் வேலையை ஒரு கையின் வேலையாகக் காட்டிப் புள்ளி வாங்குவதே குற்றம். பட்டறை மரபைத் துணைக்கு அழைப்போர் அம்மரபின் கணக்கேட்டை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

உதவியாளரின் தாழ்ந்த இருக்கை புதிதாகப் போடப்பட்டதன்று. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி கலைக்கும் கைத்தொழிலுக்கும் இடையிலிருந்த சுவரை இடிப்பதாக முழங்கிற்று. பட்டறைதோறும் இரண்டு ஆசான்கள் அமர்த்தப்பட்டனர்: ஒருவர் வடிவம் கற்பிக்கும் கலைஞர், மற்றவர் செய்முறை கற்பிக்கும் தொழிலாளர். மண்பாண்டப் பட்டறை டோர்ன்பர்க் என்னும் ஊரில் இருந்தது. சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் அங்கு வடிவ ஆசான். வழிவழிக் குயவரான மாக்ஸ் கிரேஹான் தொழில் ஆசான். சுவரை இடித்த அப்பள்ளியிலும் ஆசான்கள் மன்றத்தில் தொழில் ஆசான்களுக்குச் சம வாக்குரிமை இல்லை. சூளையை அறிந்தவர் சூளையைப் பற்றிக் கருத்துரைக்கலாம். முடிவு செய்பவர் வேறொருவர். 1925இல் பள்ளி டெஸ்ஸாவுக்குப் பெயர்ந்தபோது, அங்கேயே பயின்று இரண்டையும் கற்ற ஜோசப் ஆல்பர்ஸ், மார்செல் பிராயர் போன்ற இளையோரைக் கொண்டு அந்த இரட்டை முறையை மாற்றினர். ஒரு பள்ளி ஆறே ஆண்டுகளில் கண்டு திருத்திய பிழையை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் சுமப்பானேன்?

இந்நிலப்பகுதியின் கலைக் கல்வியும் இளங்குழந்தையன்று. சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகத்தை லிம் ஹக் தாய் நிறுவிய ஆண்டு 1938. மலேசியாவில் மலேசியக் கலைக் கழகமும், மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலை வடிவமைப்புப் பள்ளியும் 1967இல் தோன்றின. வளர்ந்த துறைக்கு வளர்ந்த ஒழுங்கு வேண்டும். வாய்மொழித் தேர்வில் விரிவுரையாளர் இருக்கிறார், வெளித்தேர்வாளர் இருக்கிறார். மாணவன் உழைத்தானா, உழைப்பித்தானா என்பதை நாள்தோறும் கண்ட ஒரே ஒருவர் கதவுக்கு வெளியே தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் புள்ளி இட வேண்டும் என்பதன்று வாதம். அவருடைய நாட்குறிப்பு தேர்வாளர் மேசைமேல் இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் இதனைக் கல்லூரிக்காரர் வழக்கு என்று தள்ளிவிடுதல் ஆகாது. ‘தொட்டுக் கொடுங்கள்’ என்னும் சொல் கல்லூரியில் பிறந்ததன்று. தொடக்கப்பள்ளியின் சுவரொட்டி வரையும் போட்டியில் பிறந்தது அது. ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயரில் முப்பது வயது ஆசிரியரின் கோடு செல்கிறது. கட்டுரைப் போட்டிக்கு ஆசிரியரே எழுதிக் கொடுத்து, பிள்ளை அழகாகப் படியெடுத்து அனுப்புவதும் இதே குடும்பம். பேச்சுப் போட்டியைப் பற்றிப் பேசவே வேண்டா. எஸ்.பி.எம். காட்சிக் கலைக்கல்வியின் இடுபணிக் கோப்பில், மாணவனுக்குத் தெரியாத சொற்களில் மாணவனுடைய ‘சிந்தனை’ எழுதப்பட்டிருப்பதைக் கண்டு எந்த ஆசிரியரும் வியப்பதில்லை. இப்படி வளர்ந்தவன் இருபத்து மூன்றாம் வயதில் ஈரச் சிற்பத்தோடு உதவியாளரிடம் ஓடாமல் வேறெங்கே ஓடுவான்?

ஒரு மறுப்பு உண்டு. அதனை இலேசாக ஒதுக்க முடியாது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் வண்ணப்பெட்டி இல்லை, உதவ அண்ணன் இல்லை. பணம் படைத்தவன் தனிவகுப்புக்குச் செல்கிறான். இந்நிலையில் ஆசிரியரும் கையை மடக்கிக்கொண்டால் தோற்பவன் நம் பிள்ளைதானே என்கின்றனர். அவ்வச்சம் உண்மையானது. ஆயின் அப்பிள்ளைக்கு வேண்டுவது ஆசிரியரின் கோடு அன்று, ஆசிரியரின் நேரம். கழிவுத்தாளில் பத்து முறை வரையவிட்டு, பதினோராம் முறை போட்டித்தாளைக் கையில் கொடுக்கும் ஆசிரியர் அவனுக்குச் செய்வதைப் பணத்தாலும் வாங்க இயலாது. அதற்கு முன்னதாகவே தொடங்க வேண்டும். போட்டிக்கு முதல் நாள் மாலை தொடங்குபவர்க்கே பிள்ளையின் தூரிகையைப் பிடுங்க நேர்கிறது.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் இத்தகையதே. முன்மொழிவு ஏற்கப்படும் வாரத்திலேயே உதவியாளர் பணியமர்த்தப்பட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால் அது தானே சூடேறித் தீப்பற்றும். மூடியுள்ள உலோகத் தொட்டியில்தான் போட வேண்டும் என்பதை முதல் வாரத்தில் சொல்ல அவர் இருக்க வேண்டும், கடைசி வாரத்தில் தீயணைக்க அன்று. கருவியைப் பிடிக்கும் முறையை அவர் காட்டலாம். ஆனால் வேறொரு மண்ணில், வேறொரு துணியில் காட்ட வேண்டும். மாணவனின் படைப்பை அவர் தொட நேர்ந்தால் தொட்டதை எழுத வேண்டும். கனமான சிற்பத்தைத் தூக்கவும், பெரிய ஓவியத்தை மாட்டவும், சூளையை இரவில் காக்கவும் இரண்டாவது ஆள் வேண்டும் என்பதில் வெட்கம் ஏதும் இல்லை. மறைத்தால்தான் அது வெட்கமாகிறது.

பெயர்ச்சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. “சூளை வேலை இன்னாருடையது, வலப்புற விரிசல் 573 பாகையில் ஏற்பட்டது, அடைக்கப்படவில்லை” என்று அதில் எழுதலாம். அவ்வாறு எழுதிய சீட்டின்முன் தேர்வாளர் சற்று நேரம் நிற்பார். விரிசலைச் சுட்டிக்காட்டிக் கேட்பார். மாணவன் உதவியாளரைத் திரும்பிப் பாராமல் தானே விடை சொல்லத் தொடங்குவான்.